லாரி வருவதற்குள் ஒரு வருடம்

போன வாரம் திருப்பதியில் உங்களுக்கு நடந்த பள்ளி நூலகப் பயிற்சியில், நகரியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்து என்னை ஒரு கேள்வி கேட்டாள். என் மகள் வயது என்பதால் 'கேட்டாள்' என்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டாள்.

"மேடம், மழ புக்கு, வெயில் புக்கு, மாங்கா புக்குன்னு எங்க ஸ்கூல்ல படப் புத்தகம் நெறைய இருக்குது. எல்லாத்தையும் ஒண்ணா ரேக்குல வெச்சிடலாமா, இல்ல அந்தந்த சீசனுக்கு எடுத்து வெக்கணுமா?"

மைக் என் கையில் இருந்தது. மைக் கையில் வந்தால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும். "பூட்டி வைம்மா. பருவம் வந்தா தெற. காத்துக்கினு இருந்து பாக்கற புக்குலதான் ருசி" என்று ஒரே போடாகப் போட்டேன். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். நானும் சிரித்துக்கொண்டே இறங்கி, டீ குடித்துவிட்டுச் சித்தூர் பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் சந்திரகிரி தாண்டுவதற்குள் எனக்கு உறைத்துவிட்டது. நான் சொன்னது பாதி பதில். மீதியை விட்டது மறதியால் இல்லை, கௌரவத்தால். அந்த மீதியில் நான் செய்த தப்பு ஒன்று இருக்கிறது. மேடையில் அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சொன்ன பாதி சரிதான், அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கங்காதர நெல்லூர் போகும் சாலையில், தமிழ் வகுப்புகள் உள்ள ஒரு சின்னப் பள்ளியில் வேலை பார்த்தேன். ஒன்றும் இரண்டும் என் வகுப்பு. பழைய வகுப்பறை ஒன்றை நூலகம் என்று பெயர் மாற்றி அதையும் என் தலையில் கட்டினார்கள். அங்கே இருந்தவை யாரோ வெளிநாட்டிலிருந்து எங்கள் கிறிஸ்தவ சபைக்கு அனுப்பி, சபை பள்ளிக்குத் தள்ளிவிட்ட புத்தகங்கள். பனி கொட்டும், இலை சிவக்கும், முயல் கோட்டுப் போட்டுக்கொண்டு நடக்கும். முதல் வருடம் ஏப்ரல் வெயிலில், மின்விசிறி ஓடாத அறையில், பனி மூடிய ஒரு வீட்டைக் காட்டி இது என்ன என்று கேட்டேன். ஒரு பையன் நன்றாக யோசித்துவிட்டு, "வெல்லம் காச்சறப்போ பொங்கி வர்ற நொர, டீச்சர். அடுப்ப யாரும் பாத்துக்கல" என்றான்.

அன்றைக்கு எனக்கு வந்த சிரிப்பில்தான் எல்லாம் ஆரம்பித்தது. எங்கள் ஊர்ப் பருவங்களுக்கு ஏற்ற புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன். புத்தகக் கண்காட்சி எங்கே நடந்தாலும் போனேன். நல்ல படம் உள்ள தெலுங்குப் புத்தகம் கிடைத்தால் வாங்கி, தமிழில் எழுதிய காகிதப் பட்டையை அந்த வரிகளின் மேல் ஒட்டினேன். ஐந்து கட்டு சேர்ந்தது: வெயில், மாங்காய், காற்று, மழை, பனி. அறை நடுவில் ஒரு குட்டை மேசை போட்டேன். நடக்கும் பருவத்தின் புத்தகங்கள் மட்டும் அதன் மேல் இருக்கும். மற்ற நான்கு கட்டும் இரும்பு பீரோவில் இருக்கும், சாவி என் இடுப்பில் இருக்கும். காளஹஸ்தி சிவராத்திரி முடிந்த மறுவாரம் பனி உள்ளே போகும், வெயில் வெளியே வரும். இப்படி ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

பிள்ளைகள் இதற்கு எப்படிப் பழகிப்போனார்கள் தெரியுமா? மழைப் புத்தகம்தான் எல்லோருக்கும் உயிர். மடியில் வைத்தால் முழங்காலை மூடும் பெரிய புத்தகம், ஒரே பிரதி. ஒரு காகிதக் கப்பல் முதல் பக்கத்தில் வாசலில் கிளம்பி, பக்கத்துக்குப் பக்கம் தண்ணீரில் போய், கடைசியில் ஏரியில் சேரும். பக்கம் திருப்பும்போது பிள்ளைகள் தரையில் ஒரு விரலால் தட்டுவார்கள். அடுத்த பக்கத்தில் இரண்டு விரல். ஏரி வரும்போது இரண்டு உள்ளங்கையாலும் அடிப்பார்கள். வெளியே ஐப்பசி மழை, உள்ளே இவர்கள் மழை. பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் "பாகுந்தி மேடம், சால பாகுந்தி" என்று தெலுங்கில் பாராட்டிவிட்டுத் தானும் மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். பாராட்டு யாருக்குப் பிடிக்காது? எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது சங்கவி.

எங்கள் பக்கம் கார்த்திகை கடைசியில் கரும்பு வெட்ட ஆட்கள் வருவார்கள். போளூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மேஸ்திரி லாரியில் இருபது குடும்பங்களை இட்டு வருவார். வெட்டி, ஆட்டி, வெல்லம் காய்ச்சி, மாசி கடைசியில் அதே லாரியில் போய்விடுவார்கள். அவர்களுடைய பிள்ளைகளை வெல்லக் கொட்டகையில் சும்மா விட எனக்கு மனசு வரவில்லை. தலைமையாசிரியர் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, ஏழெட்டுப் பேரை என் வகுப்பில் உட்கார வைத்தேன். அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் காகிதம் இல்லாமல் மூச்சு விடமாட்டார். "டி.சி. இல்ல, ஒண்ணும் இல்ல. ஒங்க பேச்சுக்காக ஒத்துக்கறேன் மேடம். ஒரே ஒரு கம்ப்ளைன்ட் வரட்டும், அன்னியோட சரி" என்று சொல்லித்தான் தலையை ஆட்டினார்.

அந்த ஏழெட்டுப் பேரில் ஒருத்தி சங்கவி. மூன்று வருடம் தொடர்ந்து வந்தாள். மூன்றாம் வருடம் இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்தாள். பனிக் கட்டில் இருந்த அத்தனை புத்தகமும் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். நான் பக்கம் திருப்பும் முன்னாலேயே, கோலத்தில் நடந்த கோழி அடுத்து எங்கே போகும் என்று பின்னாலிருந்து சொல்லிவிடுவாள். எனக்கு எரிச்சலாக வரும். "வாய மூடுடி. நீ மட்டுந்தான் கேக்கறியா? மத்தவங்க கேக்க வேணாமா?" என்று அதட்டியிருக்கிறேன். அவள் ஏன் தலைகீழாகச் சொல்கிறாள் என்று ஒரு நாள்கூட யோசிக்கவில்லை. பத்தொன்பது வருடம் நூலகம் பார்த்தவள் நான்!

அவள் ஒரு கேள்வி கேட்பாள். "டீச்சர், மழ புக்கு எப்ப வரும்?"

"மழ வரப்போ வரும்" என்பேன். வருடத்துக்கு ஒரு முறை கேட்டாள். வருடத்துக்கு ஒரு முறை அதே பதிலைச் சொன்னேன்.

அந்த மூன்றாம் வருடம், சிவராத்திரி முடிந்த மறுவாரம், வழக்கம்போல பீரோவைத் திறந்து வெயில் கட்டை எடுத்தேன். நடுவில் தலைமையாசிரியர் கூப்பிட்டார், போனேன், வந்து பூட்டினேன். மறுநாள் பன்னிரண்டு மணிக்குக் கட்டுகளைச் சரி பார்த்தபோது மழைப் புத்தகம் இல்லை. அறையைத் தலைகீழாகப் புரட்டினேன். என் சத்தம் கேட்டுத் தலைமையாசிரியரே வந்துவிட்டார்.

இரண்டாம் வகுப்பு ஜெனிபர், லீடர், எதையும் மறைக்கத் தெரியாத பெண். அவள் எழுந்து, "டீச்சர், நேத்து சங்கவி பையில பெருசா என்னமோ இருந்துச்சு. மூட முடியாம கையில புடிச்சிக்கினு போனா" என்றாள்.

அன்றைக்குச் சங்கவி வரவில்லை. கரும்பு வெட்ட வந்தவர்களின் பிள்ளைகள் யாருமே வரவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு லாரி, ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னார்.

தலைமையாசிரியர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நா சொன்னேனா இல்லியா மேடம்? நா மேஸ்திரிக்கு ஃபோன் போடறேன். லாரிய செக் பண்ணட்டும். அடுத்த வருஷம் அந்தக் கும்பல்லேந்து ஒரு பிள்ளயும் இந்த கேட்டுக்குள்ள வராது."

மேஸ்திரியிடம் போன் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் மூட்டையைப் பிரிப்பார்கள். ஏழு வயதுப் பெண் ஒருத்திக்குத் திருடி என்ற பெயர் லாரியோடு ஊர் போய்ச் சேரும். அதற்குப் பிறகு அவளை எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் பார்க்க முடியாது.

"சார், ஒரு மணி நேரம் குடுங்க. நா போயிட்டு வரேன். அதுவரைக்கும் ஃபோன் போடாதீங்க" என்றேன்.

"ஒரு மணி நேரம்" என்று வாட்சைப் பார்த்தார்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும். அப்போது முதலில் செய்ய வேண்டியது கோபம் ஆறுவதற்கு நேரம் வாங்குவது. என் ஸ்கூட்டி கொட்டகைக்குப் போகும் பத்து நிமிடமும் நான் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டுதான் போனேன். என் புத்தகம், என் பீரோ, என் நம்பிக்கை. எல்லாம் என், என் என்றே ஓடியது.

கொட்டகையில் அடுப்பு அணைந்திருந்தது. பெண்கள் பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கரும்புச் சக்கை மலையாகக் குவிந்திருந்த பக்கத்திலிருந்து தகரம் தட்டும் சத்தம் வந்தது. டக், டக், டக் என்று மெதுவாக ஆரம்பித்து, அப்புறம் வேகமாக. எனக்குக் கால் நின்றுவிட்டது. அந்தத் தாளம் எனக்குத் தெரியும்.

சக்கைக்குப் பின்னால் சங்கவி உட்கார்ந்திருந்தாள். மடியில் துவைத்த துணி ஒன்றை விரித்து அதன் மேல் புத்தகத்தை வைத்திருந்தாள். எதிரே மூன்று வாண்டுகள், பள்ளிக்கே வராத வயது, கவிழ்த்த வெல்ல டின்னில் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்று புத்தகத்தைத் தொட வந்தது. "கையில வெல்லம்டா. தொடாத. தட்றதோட இரு" என்று அதட்டினாள். என் குரல் அப்படியே. அவள் சொல்லிய கதை புத்தகத்தில் இல்லாத கதை. அந்த வரிகளை யாரும் அவளுக்கு வாசித்துக் காட்டியதில்லை. ஜெனிபர் சொல்லிக் கேட்டதையும் படத்தையும் வைத்து அவளே கட்டிக்கொண்டது. கப்பலில் அவள் அம்மாவையும் நைனாவையும் ஏற்றிவிட்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் புத்தகத்தை மூடினாள். ஓடவில்லை.

"யாரு குடுத்தாங்க?" என்றேன்.

"யாரும் குடுக்கல டீச்சர். நானேதான் எட்த்துக்கினு வந்தேன்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடி!"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "கேட்டேனே டீச்சர். மூணு வருசமா கேட்டேன். மழ வரப்போ வரும்னு சொன்னீங்க. மழ வரப்போ நாங்க இங்க இருக்கமாட்டோமே."

ஐயோ ஆண்டவரே! எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மூன்று வருடமாக அந்தக் குழந்தைக்கு நான் ஒரே ஒரு பருவத்தைத்தான் காட்டியிருக்கிறேன். அவள் வரும்போது பனிப் புத்தகம் வெளியே இருக்கும். அவள் போகும்போது அதை நான் உள்ளே வைப்பேன். என் கணக்கில் அவளுக்கு மழையும் இல்லை, காற்றும் இல்லை, மாங்காயும் இல்லை. பீரோவைப் பூட்டியது நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் அவள் அம்மா ஓடிவந்துவிட்டாள். புத்தகத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், விஷயம் புரிந்துவிட்டது. சங்கவி முதுகில் ஒன்று வைத்தாள். "படுபாவி! இப்டியா பண்ணுவ? டீச்சர், போலீஸு கீலீஸுன்னு போயிடாதீங்க டீச்சர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். போறதுக்கு முன்னாடி ஜெனிபர் வூட்ல குடுத்துட்டு வரேன்னு காலைலேந்து சொல்லிக்கினு இருந்தா. என்னாத்தக் குடுக்கறேன்னு எனக்குப் புரியலியே."

"அடிக்காதம்மா. போலீஸும் வராது, யாரும் வரமாட்டாங்க. இவள என்கூட ஸ்கூலுக்கு அனுப்பு. நாலு மணிக்கு லாரி ஸ்கூல் வழியாத்தான போவும்? கேட்டுல நிறுத்தி ஏத்திக்கோ" என்றேன். அவள் நம்பாமல்தான் அனுப்பினாள். எனக்கே என்ன செய்யப்போகிறேன் என்று தெரியாது.

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து புத்தகத்தை என் முதுகோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். எனக்கு இரண்டு வழி தோன்றியது. 'நான்தான் கொடுத்தேன், மறந்துவிட்டேன்' என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிடலாம். சுலபம். ஆனால் நான் பொய் சொல்வதைக் கேட்க அவள் பக்கத்தில் நிற்பாள். தான் எடுத்ததை ஒளிக்காமல் சொன்ன பெண்ணின் முன்னால் நான் ஒளித்தால், அவளுக்கு அன்றைக்கு நான் கற்றுக்கொடுப்பது என்ன? இரண்டாவது வழி, உள்ளதைச் சொல்வது. உள்ளதில் பாதி அவளுடையது, பாதி என்னுடையது. என் பாதியை முதலில் போட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

தலைமையாசிரியர் அறையில் புத்தகத்தை மேசையில் வைத்தேன்.

"அவதான் எடுத்தா சார். எடுக்க வெச்சது நான்."

"ஏமி மேடம்? அப்படின்னா?"

சொன்னேன். மூன்று வருடம், மூன்று கேள்வி, மூன்று பதில். என் வாயாலேயே கேட்கும்போது இன்னும் கேவலமாக இருந்தது. அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு சங்கவியைப் பார்த்தார்.

"ஏம்மா, இனிமே எடுப்பியா?"

அவள் உண்மையாகவே யோசித்தாள். "டீச்சர் குடுத்தா எடுக்கமாட்டேன் சார்" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை மறைக்கத்தான் என்று எனக்குத் தெரியும். "ஒங்க பூட்டுக்கு நா என்ன பண்ணட்டும் மேடம்? சரே. ஃபோன் போடல. அடுத்த வருஷமும் வரட்டும். ஆனா அப்ளிகேஷன் எழுதி, ஒழுங்கா ரிஜிஸ்டர்ல பேர் ஏத்தணும். அது மட்டும் கண்டிப்பு" என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று வெளியே வந்தேன். சங்கவியிடம், அடுத்த வருஷம் மொதல் புக்கு ஒனக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நல்லவேளை, வாய் நின்றது. இதைத்தானே மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! 'வரும், வரும்' என்று. மணி ஒன்றரை. லாரி நாலு மணிக்கு.

இரண்டு வகுப்பையும் நூலகத்தில் உட்கார வைத்தேன். நடு மேசையில் வெயில் புத்தகங்கள் புதுசாக அடுக்கி இருந்தன. அவற்றை ஓரமாகத் தள்ளிவிட்டு மழைப் புத்தகத்தை நடுவில் வைத்தேன். உடனே சலசலப்பு.

ஜெனிபர் எழுந்தாள். "டீச்சர், வெளிய வெயிலு கொளுத்துது. மழ புக்கு இப்ப எடுக்கக்கூடாது. நீங்கதான சொன்னீங்க?"

"சொன்னேன்டி. தப்பாச் சொல்லிட்டேன். சங்கவி இங்க இருக்கறப்போ மழையே வர்றதில்ல. அதனால இன்னிக்கி நாமளே வர வெக்கப்போறோம்."

பிள்ளைகளிடம் தப்பை ஒப்புக்கொண்டால் மதிப்புப் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள், பிறகு சங்கவிக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

பக்கத்தைத் திருப்பும் வேலையை அவளிடம் கொடுத்தேன். நான் வாசித்தேன். முதல் பக்கத்துக்கு ஒரு விரல், இரண்டாம் பக்கத்துக்கு இரண்டு விரல். ஏரி வந்தபோது எழுபது எண்பது உள்ளங்கை தரையில் அடித்தன. சங்கவியும் அடித்தாள். இத்தனை பேரோடு அடித்தால் எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. வாய் பிளந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

நான் மூடப் போனேன். ஜெனிபர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். திடீரென்று, "டீச்சர்! அப்ப சங்கவிக்கு மாங்கா புக்கும் தெரியாது! காத்து புக்கும் தெரியாது! வெயில் புக்கும் நேத்துதான வந்துச்சு!" என்று கத்தினாள். சொல்லிவிட்டு என்னைக் கேட்காமலேயே பீரோவுக்கு ஓடினாள். இத்தனை வருடம் அந்தப் பீரோவை என் அனுமதி இல்லாமல் யாரும் தொட்டதில்லை. நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. சாவியை அவளிடம் தூக்கிப் போட்டேன்.

அப்புறம் ஒரு வருடத்தை அவிழ்த்துக் கொட்டினோம். வெயில் கட்டில் இரண்டு புத்தகம், நுங்கு வெட்டுவதும் மொட்டைமாடித் தூக்கமும். பிறகு மாங்காய். சங்கவி பள்ளிக்கு வரும்வழியில் மாமரம் பூத்ததைப் பார்ப்பாள். காய் பெரிதாகும் முன் லாரி ஏறிவிடுவாள். கூடை கூடையாக மாங்காய் இறங்கும் படத்தைப் பார்த்து, "அந்தப் பூவெல்லாம் இதுவா?" என்றாள். அவ்வளவுதான், நான் வாசிப்பதற்கு வேலையே இல்லை. மாங்காய்ப் பால் பட்டால் உதடு எப்படிப் புண்ணாகும் என்று ஒருத்தன் உதட்டைக் காட்டினான். எந்தத் தோட்டத்தில் நாய் உண்டு, எதில் இல்லை என்று ஒருத்தன் ரகசியம் சொன்னான். ஆனி மாதம் முழுக்க சாலை எப்படி மணக்கும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். மழைப் புத்தகம், மாங்காய்ப் புத்தகம் என்று நான் பெயர் வைத்திருந்தேனே தவிர, இத்தனை பேச்சு அவர்களுக்குள் இருப்பது எனக்கே தெரியாது. தெரிந்தவர்களுக்கே தெரிந்ததை வாசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். தெரியாத ஒருத்தி நடுவில் உட்கார்ந்ததும்தான் அவர்கள் வாய் திறந்தது.

லாரி ஹாரன் கேட்டபோது நாங்கள் ஆடி மாதத்தில் இருந்தோம். காற்றுப் புத்தகத்தில் ஒரு கூரை பறந்துகொண்டிருந்தது. சங்கவி நிமிர்ந்தாள். பையை எடுக்கக் கை போனது.

மேஸ்திரி உள்ளேயே வந்துவிட்டார். பின்னால் சங்கவியின் அம்மா, கண்ணில் இன்னும் பயத்தோடு. "மேடம், லேட்டாவுது. இருட்டறதுக்குள்ள ஊரு போய்ச் சேரணும். பொண்ண அனுப்புங்க."

"இன்னும் ஏழு பக்கம் இருக்கு" என்றேன்.

"இன்னாது?"

"ஏழு பக்கம். முடிச்சிட்டுத்தான் அனுப்புவேன்."

எனக்கு அதற்கு உரிமை கிடையாது. லாரியில் இருபது குடும்பம் வெயிலில் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் என் குரலைக் கேட்ட யாரும், எனக்கு உரிமை இல்லை என்று நினைத்திருக்க மாட்டார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்தார், முப்பத்தெட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார், கூரை பறக்கும் படத்தைப் பார்த்தார்.

"சரி, ஒரு பீடி இழுத்துட்டு வரேன்" என்று கேட்டுக்கு நடந்தார்.

சங்கவியின் அம்மா நிலைப்படியில் உட்கார்ந்தாள். பறக்கும் கூரையைப் பார்த்து, "எங்க வூட்ல போன ஆடிக்கு இப்டித்தான் பிச்சிக்கினு போச்சு" என்றாள், யாரிடமும் இல்லாமல். பிள்ளைகள் அவள் பக்கம் திரும்பி, "அப்பறம் இன்னா ஆச்சு ஆன்ட்டி?" என்றார்கள். அவளும் சொன்னாள். ஏழு பக்கம் முடிய இருபது நிமிடம் ஆனது. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

போகும்போது சங்கவி அழவில்லை. "வரேன் டீச்சர். வரேன் ஜெனி" என்றாள். லாரியில் சாமான்களுக்கு மேல் ஏறி உட்கார்ந்து, பக்கத்திலிருந்த டின்னில் ஒரு விரலால் தட்டிக்கொண்டே போனாள். வளைவு திரும்பும்வரை அந்தச் சத்தம் கேட்டது. நான் உள்ளே வந்து, பிள்ளைகள் இல்லாத அறையில், கொஞ்ச நேரம் நன்றாக அழுதேன்.

அடுத்த கார்த்திகை கடைசியில் லாரி வந்தது. நான் கொட்டகைக்குப் போவதற்கு முன்பே தலைமையாசிரியர் ரிஜிஸ்டரோடு என் வகுப்புக்கு வந்தார். இரண்டாம் வகுப்பு முடித்தவள் என்று அவரே ஏதோ காகிதம் தயார் பண்ணி, மூன்றாம் வகுப்பில் பேர் எழுதி வைத்திருந்தார். "போய் இட்டுக்கினு வாங்க மேடம். மத்தவங்கள்து அப்பறம் எழுதிக்கலாம்" என்றார்.

லாரியில் அவள் இல்லை. அந்தக் குடும்பம் மெட்ராஸ் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது என்று மேஸ்திரி சொன்னார். அங்கே பக்கத்தில் பள்ளிக்கூடம் உண்டா என்று கேட்டேன். "அதெல்லாம் யாரு பாத்தா மேடம்" என்றார். அதற்கு அடுத்த வருடமும் கேட்டேன், அதற்கு அடுத்த வருடமும். ஓய்வு பெறும்வரை அவளை நான் மறுபடி பார்க்கவில்லை.

அன்றைக்கு மேஸ்திரியிடம் சரி என்று சொல்லி, அந்த ஏழு பக்கத்தை அடுத்த வருடத்துக்கு மிச்சம் வைத்திருந்தால், இன்றைக்கு உங்கள் முன்னால் பேச எனக்கு வாய் இருந்திருக்காது.